செக்யூரிட்டி கிளியரன்ஸ்: கடன் பாக்கியும் விண்ணப்பத்தில் மறைப்பதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் பாதுகாப்புத் துறை சார்ந்த வேலை கிடைத்திருக்கிறது. அரசு ரகசியங்களைக் கையாளும் அனுமதியான செக்யூரிட்டி கிளியரன்ஸுக்கு விண்ணப்பிக்கும் எஸ்எஃப்-86 படிவத்தை நிரப்பச் சொல்லி மின்னஞ்சலும் வந்துவிட்டது. பெயர், முகவரி, படிப்பு, பழைய வேலைகள் என்று வேகமாகப் போகிறவர்கள் 26-ஆம் பிரிவுக்கு வந்ததும் நின்றுவிடுகிறார்கள். பண விவகாரங்களைக் கேட்கும் பிரிவு அது. எப்போதோ கட்டாமல் விட்ட கிரெடிட் கார்டு, கலெக்‌ஷனுக்குப் போன (வசூல் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்ட) ஆஸ்பத்திரி பில், தாக்கல் செய்யாத ஒரு வருட வரி எல்லாம் அங்கேதான் நினைவுக்கு வரும். ராணுவத்தில் சேரும் பிள்ளைகளுக்கும், குடியுரிமை பெற்று ஒப்பந்த நிறுவனங்களில் வேலைக்குப் போகும் தமிழர்களுக்கும் அந்த இடத்தில் எழும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

கடன் இருந்தால் கிளியரன்ஸ் கிடைக்காதா?

ஒழுங்காகக் கட்டிவரும் கடனால் எந்தத் தடையும் இல்லை. வீட்டுக் கடன், கார் கடன், படிப்புக் கடன் எல்லாம் லட்சக்கணக்கான டாலர் இருந்தாலும் மாதத் தவணை தவறாமல் போனால் யாரும் கேட்கப்போவதில்லை. கட்டாமல் நின்ற கடனைத்தான் கேட்பார்கள். அதிலும் முதல் கேள்வி எவ்வளவு பாக்கி என்பதில்லை. ஏன் நின்றது, நின்ற பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள், இவைதான்.

முடிவெடுக்கும் அதிகாரிகள் கையில் வைத்திருக்கும் விதிமுறை எஸ்இஏடி 4. 2017 ஜூன் 8 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் ஏ முதல் எம் வரை 13 வழிகாட்டுதல்கள். பணத்துக்கு எஃப், நேர்மைக்கு ஈ. எஃப் வழிகாட்டுதலில் மாட்டியவர்கள் மீண்டு வர விதியிலேயே ஏழு வழிகள் எழுதியிருக்கின்றன. ஈ வழிகாட்டுதலில், அதாவது தெரிந்தே மறைத்தார் என்று பதிவான பிறகு, மீள்வது மிகக் கடினம். கடனை மறைப்பதற்காக ஒரு பொய் எழுதுகிறவர், தீரக்கூடிய வியாதிக்குப் பயந்து விஷத்தைக் குடிக்கிறார்.

என் கடனுக்கும் நாட்டின் ரகசியத்துக்கும் என்ன சம்பந்தம்?

ரொனால்டு பெல்டன் என்ற என்எஸ்ஏ (அமெரிக்க ஒட்டுக்கேட்பு உளவு அமைப்பு) ஊழியர் 1979-இல் திவால் மனு போட்டார், அதே வருடம் வேலையை விட்டார். 1980 ஜனவரியில் வாஷிங்டனில் இருந்த சோவியத் தூதரகத்துக்குள் நடந்து போனார். சுமார் 35,000 டாலருக்கு அவர் விற்றது, கோடிக்கணக்கான டாலர் செலவில் நடந்துவந்த ஒட்டுக்கேட்பு நடவடிக்கைகளின் விவரம். இன்னொரு பக்கம் சோவியத்துக்கு ரகசியம் விற்ற சிஐஏவின் ஆல்ட்ரிச் ஏம்ஸ். சம்பளத்துக்குச் சற்றும் பொருந்தாமல் 5,40,000 டாலர் வீட்டை ரொக்கமாக வாங்கினார், மனைவி வீட்டுப் பணம் என்று சொல்லிச் சமாளித்தார். 1994-இல்தான் பிடிபட்டார். அதனால்தான் வழிகாட்டுதல் எஃப் இரண்டு திசையிலும் பார்க்கிறது: கட்ட முடியாத கடனும் கவலை, கணக்கு சொல்ல முடியாத பணமும் கவலை.

கடன்பட்ட எல்லோரும் விலை போவார்கள் என்று யாரும் சொல்லவில்லை. கொடுத்த வாக்கை, போட்ட கையெழுத்தை ஒருவர் எப்படி மதிக்கிறார் என்பதற்குப் பணம் ஓர் அடையாளம். அப்படித்தான் விதியும் சொல்கிறது.

எவ்வளவு பாக்கி இருந்தால் மறுப்பார்கள்? ஒரு வரம்பு சொல்லுங்கள்.

விதியில் டாலர் வரம்பு எதுவும் கிடையாது. 60,000 டாலர் பாக்கியோடு ஒழுங்கான திட்டமும் ரசீதுகளும் காட்டி கிளியரன்ஸ் வாங்கலாம். கையில் பணம் இருந்தும் கட்டாமல் திரிந்தவர் 6,000 டாலருக்கே இழக்கலாம். ‘இயலாமை’, ‘விருப்பமின்மை’ என்று விதி தனித்தனியாகவே பிரித்துப் பேசுகிறது. இரண்டாவதுதான் மோசமானது.

படிவம் சரியாக என்ன கேட்கிறது?

பலர் கேள்வியைப் பாதியோடு நிறுத்திவிட்டுப் பதில் போடுகிறார்கள். 26-ஆம் பிரிவின் உட்கேள்விகளில் பெரும்பாலானவை கடந்த ஏழு ஆண்டுகளைக் கேட்கின்றன: திவால் மனு, வரி தாக்கல் செய்யாதது அல்லது வரி கட்டாதது, நிறுவனம் கொடுத்த டிராவல் கார்டைத் தவறாகப் பயன்படுத்தி எச்சரிக்கை வாங்கியது, ஜீவனாம்சம் மற்றும் குழந்தைப் பராமரிப்புத் தொகை பாக்கி, நீதிமன்றத் தீர்ப்பு, சொத்தின் மேல் போட்ட லீன் (பாக்கிக்கான சட்ட உரிமைப் பிடி), மத்திய அரசுக்கான பாக்கி. சூதாட்டத்தால் வந்த பணச் சிக்கலுக்கு மட்டும் ஏழு ஆண்டு வரம்பு இல்லை, ‘எப்போதாவது’ என்றே கேட்கும்.

அதற்கப்புறம் வருவதுதான் பெரும்பாலோர் தடுக்கி விழும் கேள்வி. கடந்த ஏழு ஆண்டுகளில் வாங்கிய பொருளைக் கடன்காரர் (கடன் கொடுத்தவர்) பறிமுதல் செய்தாரா, கடனைக் கட்டத் தவறி டிஃபால்ட் ஆனீர்களா, பில் கலெக்‌ஷன் ஏஜென்சிக்குப் போனதா, கார்டோ கணக்கோ கட்டாததால் நிறுத்தப்பட்டதா அல்லது சார்ஜ் ஆஃப் ஆனதா (இனி வராது என்று வங்கி நஷ்டக் கணக்கில் எழுதியதா), வாடகை பாக்கிக்காக வெளியேற்றப்பட்டீர்களா, சம்பளத்தில் பிடித்தம் போட்டார்களா, எந்தக் கடனிலாவது 120 நாளுக்கு மேல் தாமதம் ஆனதா, இப்போதும் அப்படி இருக்கிறதா. ஒவ்வொன்றையும் தனியாகப் படியுங்கள். ‘இப்போது பாக்கி இல்லை’ என்பது இதில் ஒன்றே ஒன்றுக்குத்தான் பதில்.

கட்டி முடித்த கடனையும் எழுத வேண்டுமா?

ஆமாம். மூன்று வருடத்துக்கு முன் 212 டாலர் இன்டர்நெட் பில் கலெக்‌ஷனுக்குப் போய், மறுமாதமே கட்டிவிட்டாலும் ‘கலெக்‌ஷனுக்குப் போனதா’ என்ற கேள்விக்குப் பதில் ‘ஆம்’தான். எழுதி, பக்கத்தில் ‘முழுவதும் கட்டியாகிவிட்டது’ என்று மாதமும் தொகையும் போட்டால் அது உங்களுக்குச் சாதகமான வரியாகிவிடும். எழுதாமல் விட்டால் அதே 212 டாலர் ‘ஏன் மறைத்தீர்கள்’ என்ற கேள்வியாகத் திரும்பி வரும்.

கிரெடிட் ரிப்போர்ட்டில் இல்லாத கடனை எழுதாமல் விடலாமே?

படிவம் உங்கள் வாழ்க்கையைக் கேட்கிறது, கிரெடிட் ரிப்போர்ட்டைக் கேட்கவில்லை. ரிப்போர்ட்டில் வராத கடன்கள் நிறைய உண்டு. கட்டி முடித்த மருத்துவக் கலெக்‌ஷன்களை 2022 ஜூலை முதலும், 500 டாலருக்குக் குறைந்தவற்றை 2023 ஏப்ரல் முதலும் கடன் வரலாற்றைத் தொகுக்கும் மூன்று கிரெடிட் நிறுவனங்களும் (ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன்) காட்டுவதில்லை. ஆனாலும் அவை கலெக்‌ஷனுக்குப் போனவைதான்.

நம்மவர்கள் குறிப்பாக யோசிக்க வேண்டியது ஊர்க் கடன். இந்திய வங்கியில் அப்பா ஜாமீனில் வாங்கிய படிப்புக் கடன், அமெரிக்கா வந்ததும் கட்டாமல் விட்டு வாராக்கடன் ஆகியிருக்கலாம். எக்ஸ்பீரியனில் அது ஒரு வரியாகக்கூட வராது. ஆனால் கேள்வியில் ‘அமெரிக்காவில் வாங்கிய கடன்’ என்ற சொல்லே இல்லை. ஏழு ஆண்டுக்குள் டிஃபால்ட் ஆகியிருந்தால் எழுத வேண்டும். வெளிநாட்டு வங்கியோடு தீராத வழக்கு என்பது வெளிநாட்டுச் செல்வாக்கு பற்றிய பி வழிகாட்டுதலையும் தொடும். முடிந்தால் படிவத்துக்கு முன்பே வங்கியோடு ஒரே தவணைத் தீர்வு பேசி, நிலுவை இல்லை என்ற சான்றிதழை வாங்கிவையுங்கள்.

நண்பரின் கார் கடனுக்குக் கையெழுத்துப் போட்டேன். அவர் கட்டவில்லை. அது என் கடனா?

உங்கள் கடன்தான். இணைக் கையெழுத்துப் போட்டவற்றையும் ஜாமீன் நின்றவற்றையும் சேர்த்தே எழுதச் சொல்லி படிவத்தில் வெளிப்படையாக இருக்கிறது. வேறொருவர் கார்டில் நீங்கள் வெறும் ‘ஆத்தரைஸ்டு யூசர்’ என்றால் நிலை வேறு. பொறுப்பு உங்களுடையதில்லை, ஆனால் உங்கள் ரிப்போர்ட்டில் தெரியும். குறிப்புப் பகுதியில் ஒரு வரி விளக்கம் போடுங்கள்.

ஏழு வருடம் ஆனால் கடன் தானாக மறைந்துவிடும் என்கிறார்களே?

கிரெடிட் ரிப்போர்ட்டிலிருந்து மறையும், அவ்வளவுதான். சட்டப்படி வசூலிக்கும் காலக்கெடு முடிவதும் (மேரிலாந்தில் பொதுவாக மூன்று ஆண்டு, டெக்சஸில் நான்கு) கடன்காரர் வழக்குப் போடுவதைத்தான் தடுக்கும். ஒப்பந்த ஊழியர்களின் வழக்குகளை விசாரிக்கும் டோஹா (பாதுகாப்புத் துறையின் விசாரணை, மேல்முறையீட்டு அலுவலகம்) அமைப்பின் மேல்முறையீட்டு வாரியம் இதில் பல ஆண்டுகளாக ஒரே நிலையில் நிற்கிறது: காலக்கெடு முடியும் வரை காத்திருந்தது, கடனைத் தீர்க்க நல்லெண்ணத்தோடு எடுத்த முயற்சி ஆகாது.

பழைய கடனைத் தொடும்போது ஒரு கவனம் வேண்டும். பல மாநிலங்களில் 20 டாலர் கட்டினாலே காலக்கெடு மறுபடி முதலிலிருந்து ஓடத் தொடங்கும். அதனால் சும்மா கொஞ்சம் அனுப்பிப் பார்க்காதீர்கள். முதலில் எழுத்தில் தீர்வுத் தொகை பேசி முடியுங்கள், பிறகு கட்டுங்கள்.

எங்கிருந்து ஆரம்பிப்பது?

படிவத்தைத் திறப்பதற்கு முன்பே. ஆனுவல்கிரெடிட்ரிப்போர்ட் டாட் காம் தளத்தில் ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் மூன்று ரிப்போர்ட்டையும் வாரத்துக்கு ஒருமுறை இலவசமாக எடுக்கலாம். மூன்றையும் எடுக்க வேண்டும், ஏனென்றால் ஒன்றில் இருப்பது மற்றதில் இருக்காது. மதிப்பெண்ணைப் பார்க்காதீர்கள், கிளியரன்ஸில் அதற்கு இடமில்லை. கணக்குகளைப் பாருங்கள்.

ஒரே கடன் இரண்டு வரியாக வருவது சகஜம். முதல் வரியில் வங்கியின் பெயர், ‘சார்ஜ் ஆஃப், விற்கப்பட்டது, பாக்கி 0’. பத்து வரி தள்ளி ஒரு கலெக்‌ஷன் நிறுவனத்தின் பெயரில் 4,300. பாக்கி 0 என்றதைப் பார்த்து ‘தீர்ந்தது’ என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் பலர். கணக்கு எண்ணின் கடைசி இலக்கங்களையும் கணக்கு தொடங்கிய தேதியையும் ஒப்பிட்டு ஒன்றாகச் சேருங்கள். இப்போது யார் கையில் இருக்கிறதோ அவரிடம் பேசுங்கள், விளக்கத்தில் இரண்டு பெயரையும் எழுதுங்கள்.

கடன் உங்களுடையதா என்றே சந்தேகமாக இருந்தால், கலெக்‌ஷன் ஏஜென்சியின் முதல் அறிவிப்பு வந்த 30 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபியுங்கள். ஆதாரம் தரும் வரை அவர்கள் வசூலை நிறுத்த வேண்டும். அடையாளத் திருட்டு என்றால் ஐடென்டிட்டிதெஃப்ட் டாட் கவ் தளத்தில் புகார் பதிந்து அறிக்கையைச் சேமியுங்கள். ‘இது என்னுடையதல்ல’ என்று வாயால் சொன்னால் போதாது, ஆட்சேபித்ததற்கான காகிதம் வேண்டும் என்று விதியிலேயே இருக்கிறது.

அடுத்தது மாதக் கணக்கு. உதாரணத்துக்கு ஒரு குடும்பம். கைக்கு வரும் சம்பளம் 6,400 டாலர். வாடகை 2,150, குழந்தைக் காப்பகம் 1,100, மளிகை 700, கார் தவணை 430, மின்சாரம் போன் இணையம் 310, ஊரில் பெற்றோருக்கு 300, பெட்ரோல் 220, காப்பீடு 160. மொத்தம் 5,370, மிச்சம் 1,030. பாக்கிகள் நான்கு: 640, 1,260, 4,300, 5,200. முதல் மாதம் 640-ஐ ஒரேயடியாக முடிக்கலாம். அடுத்த இரண்டு மாதம் 630 வீதம் கட்டினால் 1,260 முடியும். நான்காம் மாதம் முதல் பெரியவை இரண்டுக்கும் 350, 400 வீதம் போனால் 13 தவணையில் இரண்டும் தீரும். மாதம் 280 அவசரத்துக்கு மிஞ்சும். 16 மாதத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

இந்தக் கணக்கைத்தான் பின்னால் விசாரணைக் கடிதம் வந்தால் நிதிநிலை அறிக்கை என்ற பெயரில் அவர்களே கேட்பார்கள். எல்லாக் கடனையும் தீர்த்துவிட்டு வா என்று யாரும் சொல்வதில்லை. நியாயமான திட்டம் இருக்க வேண்டும், அதன்படி நடக்கத் தொடங்கியிருக்க வேண்டும் என்பதுதான் வாரியம் வகுத்த அளவுகோல். ‘அடுத்த மாதத்திலிருந்து கட்டுவேன்’ என்ற வாக்குறுதிக்கு மதிப்பு ஏறக்குறைய இல்லை. ஆறு மாத வங்கிக் கணக்கு நகலில் தெரியும் ஆறு தவணைக்கு நிறைய மதிப்பு உண்டு.

தேதியும் தொகையும் சரியாக நினைவில்லை. விட்டுவிடலாமா?

விடாதீர்கள். பல பெட்டிகளுக்குப் பக்கத்திலேயே ‘மதிப்பீடு’ என்று குறிக்க இடம் இருக்கிறது. தோராயமாகப் போட்டு அதைக் குறியுங்கள். தவறான தேதி பிழையாகத்தான் பார்க்கப்படும், காலியாக விட்ட இடம் மறைத்ததாகத் தோன்றும்.

வேலை போனது, விவாகரத்து ஆனது. இதைக் கணக்கில் எடுப்பார்களா?

எடுப்பார்கள். வேலையிழப்பு, தொழில் நசிவு, எதிர்பாராத மருத்துவச் செலவு, குடும்பத்தில் மரணம், மணமுறிவு, கந்துவட்டிக்காரரிடமோ அடையாளத் திருடரிடமோ ஏமாந்தது எல்லாம் கைமீறிய காரணங்கள் என்று விதி பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஆனால் அந்த வாக்கியத்துக்கு இரண்டாம் பாதி ஒன்று இருக்கிறது: அந்த நிலையில் பொறுப்போடு நடந்தீர்களா? 2021-இல் எட்டு மாதம் வேலையில்லை, 2022-இல் நல்ல சம்பளத்தில் சேர்ந்தாயிற்று, 2025 வரை கடன்காரருக்கு ஒரு போன்கூடப் போடவில்லை என்றால் முதல் பாதி மட்டும் காப்பாற்றாது. வேலைநீக்கக் கடிதம், மருத்துவமனை பில், விவாகரத்துத் தீர்ப்பு ஆகியவற்றோடு, கடன்காரருக்கு எழுதிய மின்னஞ்சல்களையும் வைத்திருங்கள்.

கடன் தீர்வு நிறுவனத்திடம் போகலாமா?

இரண்டு வகை இருக்கிறது, பெயர் ஒன்றுபோல் இருப்பதால் குழம்புகிறார்கள். லாப நோக்கற்ற கிரெடிட் கவுன்சலிங் அமைப்பு வட்டியைக் குறைத்துப் பேசி, உங்களிடமிருந்து மாதம் ஒரு தொகை வாங்கி எல்லாருக்கும் பிரித்துக் கட்டும். விதியில் நல்ல அடையாளமாகச் சொல்லப்படுவது இதுதான். வணிக ரீதியான கடன் தீர்வு நிறுவனங்கள் பெரும்பாலும் ‘யாருக்கும் கட்டாதீர்கள், எங்களிடம் சேமியுங்கள்’ என்று சொல்லும். அந்த மாதங்களில் ஒழுங்காக ஓடிய கணக்கும் 120 நாள் தாண்டி சார்ஜ் ஆஃப் ஆகிவிடும். விண்ணப்ப நேரத்தில் அது உங்கள் ரிப்போர்ட்டையே எரிக்கும். தொலைபேசியில் ஆள் பிடிக்கும் இத்தகைய நிறுவனங்கள், ஒரு கடனையாவது தீர்ப்பதற்கு முன் கட்டணம் வாங்குவது 2010 முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. முன்பணம் கேட்டால் போனை வையுங்கள்.

தீர்வில் 600 டாலர் அல்லது அதற்கு மேல் தள்ளுபடி ஆனால் 1099-சி படிவம் வரும். தள்ளுபடியான தொகை வருமானமாகக் கருதப்படும். அதை வரித் தாக்கலில் சேர்க்க மறந்து, கடன் சிக்கலைத் தீர்த்த கையோடு வரிச் சிக்கலை வாங்கியவர்கள் உண்டு.

திவால் மனு போட்டால் கதை முடிந்ததா?

இல்லை. அது சட்டம் கொடுத்த வழி. மூன்று முதல் ஐந்து ஆண்டு தவணை கட்டும் அத்தியாயம் 13, கட்டுகிறார் என்பதற்கு நீதிமன்றமே சாட்சியாவதால் ஓரளவு நன்றாகவே பார்க்கப்படும். அத்தியாயம் 7-இல் கடன் அழிந்துவிடும். ஆனால் கடன் வந்த காரணமும் அதற்குப் பிந்தைய நடத்தையும் கேட்கப்படும். திவாலுக்குப் பிறகு மறுபடி கார்டுகள் நிரம்பியிருந்தால்தான் உண்மையான ஆபத்து.

வரி தாக்கல் செய்யவில்லை. எனக்கு ரீஃபண்ட் தானே வரவேண்டியிருந்தது?

இந்த நியாயம் எடுபடாது. வருமானம் வரம்பைத் தாண்டினால் ரீஃபண்ட் இருந்தாலும் தாக்கல் செய்வது சட்டக் கடமை. தனியார் கடனைவிட இதைக் கடுமையாகப் பார்க்கிறார்கள். அரசின் சின்ன விதியைக் கடைப்பிடிக்காதவர் ரகசிய ஆவண விதியைக் கடைப்பிடிப்பாரா என்பது அவர்கள் வாதம். அக்டோபர் 15 வரை வாங்கும் நீட்டிப்பு தாக்கலுக்கு மட்டும்தான், பணம் கட்டுவதற்கு நீட்டிப்பு கிடையாது. இதையும் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள்.

விடுபட்ட எல்லா வருடத்தையும் முதலில் தாக்கல் செய்யுங்கள், மாநில வரியையும் சேர்த்து. பாக்கி இருந்தால் மத்திய வரித்துறையான ஐஆர்எஸ்ஸின் தளத்திலோ 9465 படிவத்திலோ தவணை ஒப்பந்தம் கேளுங்கள். பிறகு ஒவ்வொரு வருடத்துக்கும் ஐஆர்எஸ் டிரான்ஸ்கிரிப்ட்டை (அவர்கள் பதிவின் நகலை) இறக்கி வையுங்கள். ‘என் ஆடிட்டர் அனுப்பிவிட்டார்’ என்பதை யாரும் ஏற்க மாட்டார்கள், டிரான்ஸ்கிரிப்ட்டை ஏற்பார்கள். இந்திய வங்கிக் கணக்குகளில் எல்லாம் சேர்ந்து வருடத்தில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் எஃப்பார் என்ற வெளிநாட்டுக் கணக்கு அறிக்கையும் கட்டாயம்.

மறதிக்கும் பொய்க்கும் எப்படி வித்தியாசம் கண்டுபிடிக்கிறார்கள்?

தெரிந்தே மறைத்திருக்க வேண்டும், அப்போதுதான் வழிகாட்டுதல் ஈ-இல் பொய்யாகும். கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டதோ உண்மையான மறதியோ பொய் ஆகாது. நீங்கள் மறுத்தால், தெரிந்தே செய்தீர்கள் என்று நிரூபிப்பது அரசுத் தரப்பின் பொறுப்பு. மனதுக்குள் எட்டிப்பார்க்க முடியாது என்பதால் சூழ்நிலையைப் பார்ப்பார்கள். படிவம் போடுவதற்கு முந்தைய மாதம்தான் சம்பளப் பிடித்தம் தொடங்கியது என்றால் ‘தெரியாது’ என்ற பதில் நிற்காது. 11 கணக்கில் 8-ஐ எழுதி 3-ஐ விட்டவர் மறைக்க நினைத்தார் என்று சொல்வது கடினம். 11-க்கும் ‘இல்லை’ என்று போட்டவர் நிலை அப்படியில்லை. கல்வி, இதற்கு முன் எத்தனை முறை இதே படிவத்தை நிரப்பியிருக்கிறார், விசாரணையாளரிடம் முதலில் என்ன சொன்னார் எல்லாமே எடை போடப்படும்.

சட்டப்படி இந்தப் படிவத்தில் தெரிந்தே பொய் சொல்வது ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். வழக்கு வருவது அபூர்வம், கிளியரன்ஸ் போவது அபூர்வமே இல்லை.

படிவத்தை அனுப்பிவிட்டேன். ஒரு கடனை விட்டது இப்போதுதான் தெரிகிறது.

இன்றே எழுதுங்கள். நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரியான எஃப்எஸ்ஓவுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள்: எந்தப் பிரிவு, எந்தக் கடன், எப்படி விட்டுப்போனது, இப்போதைய நிலை. நான்கு வரி போதும். விதியில் உள்ள மீட்பு வழி இது: விஷயத்தை அவர்கள் எடுத்து முன்னால் வைப்பதற்கு முன், தாமதமில்லாமல், நல்லெண்ணத்தோடு திருத்துவது. ‘முன்’ என்ற சொல்தான் இதில் உயிர்.

விசாரணையாளர் நேரில் உட்காரும்போதும் இதே வரிசைதான். பொதுவாக முதலில் ‘படிவத்தில் மாற்ற வேண்டியது ஏதாவது உண்டா?’ என்பார். பிறகு ‘120 நாளுக்கு மேல் நின்ற கடன் எதுவும் உண்டா?’ என்று பொதுவாகக் கேட்பார். மூன்றாவதாகத்தான் கோப்பைத் திறந்து, ‘இந்த நிறுவனத்துக்கு 4,300 டாலர் பாக்கி இருக்கிறதே?’ என்று பெயர் சொல்லுவார். முதல் கேள்வியிலேயே சொன்னவரும் மூன்றாவதில் ஒப்புக்கொண்டவரும் அறிக்கையில் இரு வேறு மனிதர்களாகத் தெரிவார்கள்.

‘இதெல்லாம் எழுத வேண்டாம்’ என்று அலுவலகத்தில் சொன்னார்கள்.

யார் சொன்னார் என்பது முக்கியம். வழக்கறிஞரோ, இந்தப் படிவம் பற்றி ஆலோசனை சொல்வதையே வேலையாகக் கொண்ட பொறுப்பாளரோ தவறாக வழிகாட்டியிருந்து, தெரிந்ததும் நீங்கள் முழுவதும் சொல்லிவிட்டால் அது ஏற்கப்படலாம். பக்கத்து மேசை நண்பர் சொன்னதும் வாட்ஸாப் குழுவில் படித்ததும் கணக்கில் வராது. கையெழுத்து உங்களுடையது. அப்படி ஆலோசனை வந்தால் மின்னஞ்சலில் திரும்பக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். பெரும்பாலும் அந்த ஆலோசனை அங்கேயே மாறிவிடும்.

கடன் தவிர வேறு எதில் மாட்டுகிறார்கள்?

கடந்த ஏழு ஆண்டில் வேலையை விட்டு நீக்கப்பட்டதை ‘நானே விலகினேன்’ என்று எழுதுவது. முடிக்காத பட்டத்தை முடித்ததாகப் போடுவது. மாநிலத்தில் சட்டப்படி கஞ்சா வாங்கலாம் என்பதால் அதை எழுதாமல் விடுவது, மத்தியச் சட்டத்தில் அது இன்னும் போதைப்பொருள்தான். நம்மவர்களுக்கு இன்னொன்று: முதல் வேலைக்காக இடைத்தரகர் நிறுவனம் ஏற்றிக் காட்டிய அனுபவ ஆண்டுகள். பழைய ரெஸ்யூமேயும் எஸ்எஃப்-86-இன் வேலைப் பட்டியலும் பொருந்தாமல் நிற்கும். குடியுரிமை விண்ணப்பமான என்-400-இலும் வரி பாக்கி பற்றிக் கேள்வி உண்டு. அங்கே ஒரு பதில், இங்கே வேறு பதில் என்றால் இரண்டையும் விளக்க வேண்டிவரும். படிவத்தில் உண்மையை எழுதுங்கள், பழையது எங்கே பிசகியது என்று குறிப்பில் சொல்லுங்கள்.

மாதாமாதம் பெற்றோருக்குப் பணம் அனுப்புகிறேன். அது தவறா?

இல்லவே இல்லை. ஆனால் வெளிநாட்டுக் குடிமகனுக்குப் பண உதவி செய்ததுண்டா என்று 20-ஆம் பிரிவில் கேள்வி இருக்கிறது, காலவரம்பே இல்லாமல். ‘அம்மா அப்பாவுக்குத்தானே, அதைப் போய் எழுதுவதா’ என்று விடுகிறார்கள். எழுதுங்கள், தொகையோடு. ஊரில் உள்ள வங்கிக் கணக்கும் பெயரில் உள்ள நிலமும் அதே பிரிவில் வரும்.

குற்றச்சாட்டுக் கடிதம் வந்துவிட்டது. என்ன செய்வது?

ஸ்டேட்மென்ட் ஆஃப் ரீசன்ஸ் என்று பெயர். ஒப்பந்த நிறுவன ஊழியர் என்றால் கையில் கிடைத்த நாளிலிருந்து 20 நாளுக்குள் பதில் போக வேண்டும். ராணுவத்தினருக்கும் அரசு ஊழியர்களுக்கும் நடைமுறை வேறு, கெடுவைக் கடிதத்திலேயே பாருங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் தனித்தனியாக ‘ஒப்புக்கொள்கிறேன்’ அல்லது ‘மறுக்கிறேன்’ என்று உறுதிமொழியோடு எழுத வேண்டும். கடன் உண்மை, ஆனால் கட்டிவிட்டீர்கள் என்றால் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று எழுதி ரசீதை இணையுங்கள். பலர் இங்கே ‘மறுக்கிறேன்’ என்று போட்டு தேவையில்லாமல் நம்பகத்தன்மையைக் கெடுத்துக்கொள்கிறார்கள். தெரிந்தே மறைத்தீர்கள் என்ற குற்றச்சாட்டு மட்டும் வேறு. உண்மையில் அப்படிச் செய்யவில்லை என்றால் அதைத் தெளிவாக மறுத்து, எப்படி விட்டுப்போனது என்று எழுதுங்கள். ‘ஆம், விட்டேன்’ என்ற பொருளில் ஒப்புக்கொண்டால் ‘ஆம், பொய் சொன்னேன்’ என்று பதிவாகிவிடும்.

நீதிபதி முன் நேர்விசாரணை கேட்கலாம், வெறும் ஆவணங்களை வைத்தே முடிவும் கேட்கலாம். முடிந்தால் நேர்விசாரணையையே கேளுங்கள். நேர்மை கேள்விக்குள்ளானவர் முகம் காட்டாமல் காகிதத்தில் மட்டும் நம்பவைப்பது கடினம். ஆவண வழியென்றால் அரசுத் தரப்புக் கோப்பு வந்த பின் 30 நாள் கிடைக்கும். தோற்றால் தீர்ப்புத் தேதியிலிருந்து 15 நாளுக்குள் மேல்முறையீட்டு அறிவிப்பு. அங்கே புதிய ஆதாரம் ஏற்கப்படாது, எனவே எல்லா ரசீதும் முதல் சுற்றிலேயே போய்விட வேண்டும். ஒவ்வொரு கடனுக்கும் ஒரு தாள், அதன் பின்னால் கடன்காரரின் கடிதம், அதன் பின்னால் பணம் போனதைக் காட்டும் வங்கி வரி, இப்படி அடுக்கினால் நீதிபதிக்கும் எளிது.

இந்தக் கடிதம் வந்த பிறகு கட்டத் தொடங்கிய பணமும் கணக்கில் சேரும், ஆனால் எடை குறைவு. வேலை போய்விடும் என்ற பயத்தில் கட்டினார் என்றுதான் படிப்பார்கள்.

இடைக்கால கிளியரன்ஸ் கிடைக்கவில்லை. மறுத்துவிட்டார்களா?

அது மறுப்பு அல்ல. 26-ஆம் பிரிவில் ‘ஆம்’ இருந்தால் இடைக்காலம் கிடைக்காமல் போவது வழக்கம், அதற்கு மேல்முறையீடும் கிடையாது. முழு விசாரணை தொடரும்.

கிடைத்துவிட்டது. இனி கவலையில்லையே?

இப்போது தொடர் கண்காணிப்பு நடக்கிறது. ஐந்து வருடத்துக்கு, பத்து வருடத்துக்கு ஒருமுறை பார்த்த காலம் போய், கிரெடிட், நீதிமன்றப் பதிவுகள் தானாகவே பின்னணி விசாரணை நடத்தும் டிசிஎஸ்ஏ அமைப்புக்கு எச்சரிக்கை அனுப்புகின்றன. திவாலும் 120 நாள் தாண்டிய பாக்கியும் நீங்களே தெரிவிக்க வேண்டியவை. டாப் சீக்ரெட் என்றால் வாரிசுச் சொத்தோ பரிசோ 10,000 டாலர் அல்லது அதற்கு மேல் திடீரென வந்தாலும் தெரிவிக்க வேண்டும். ஊரில் நிலம் விற்ற பங்கு கணக்கில் ஏறும் நாளில் இது நினைவிருக்கட்டும். தவணை தவறப்போகிறது என்று தெரிந்தால் 90-ஆம் நாளே எஃப்எஸ்ஓவிடம் சொல்லலாம், 121-ஆம் நாள் இயந்திரம் சொல்லும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இறுதியாக மறுத்துவிட்டால்?

ஒப்பந்த ஊழியர்கள் முடிவுத் தேதியிலிருந்து ஓராண்டு கழித்து, ஒரு நிறுவனம் முன்மொழிந்தால் மறுபடி முயலலாம். கடனுக்காக மட்டும் மறுக்கப்பட்டவருக்கு அந்த ஓராண்டில் செய்ய நிறைய இருக்கிறது: 12 தவணை, 12 ரசீது, ஒரு வருடத்து ஒழுங்கான வரித் தாக்கல். மறைத்ததற்காக மறுக்கப்பட்டவர் அடுத்த படிவத்தில் ‘இதற்கு முன் மறுக்கப்பட்டதுண்டா’ என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்று எழுதி, முதல் படிவத்தில் என்ன எழுதினார், உண்மை என்ன என்பதைத் தன் வார்த்தையிலேயே வைக்க வேண்டும்.